உலர் பூனை உணவின் ஊட்டத் தரத்தை மதிப்பிடுதல்

உலர் பூனை உணவு என்பது இறைச்சித் தூள், தானிய மாவு, கொழுப்பு, வைட்டமின்கள், தாது உப்புகள் முதலியவற்றைக் கலந்து வேகவைத்து, உலர்த்தி, சிறு உருண்டைகளாகவோ வட்டுகளாகவோ விற்கப்படும் ஆயத்த உணவாகும். இதன் ஈரப்பதம் பொதுவாக 10 விழுக்காட்டை ஒட்டி இருக்கும். வீட்டுப் பூனைகள் பலவற்றுக்கு ஆண்டு முழுவதும் இதுவே ஒரே உணவாக அமைகிறது. மனிதர் காலை உணவில் குறைந்த சத்தை மதிய உணவில் ஈடுசெய்து கொள்ள முடியும். ஒரே பையிலிருந்து உண்ணும் பூனைக்கு அந்த வாய்ப்பு இல்லை. பையில் இல்லாத சத்து, காலப்போக்கில் பூனையின் உடலிலும் இல்லாமற் போகும். ஆகவே இவ்வுணவின் தரத்தை மதிப்பிடத் தெரிந்திருப்பது பூனை வளர்ப்போருக்கு இன்றியமையாதது.

ஊட்டத் தரம் என்பது மூன்று கூறுகளைக் கொண்டது. பூனைக்குத் தேவையான சத்துகள் அனைத்தும் உரிய அளவில் இருக்க வேண்டும். அவை செரித்து உடலில் சேரும் வடிவில் இருக்க வேண்டும். தீங்கு தரும் பொருள் கலவாதிருக்க வேண்டும். புரத விழுக்காடு, முதல் மூலப்பொருள், விலை ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றை மட்டும் கொண்டு இம்மூன்றையும் அறிய இயலாது.

பூனையின் உணவுத் தேவை

பூனை ஒரு கட்டாய ஊனுண்ணி. அதாவது, விலங்கு உடலிலிருந்து மட்டுமே எளிதில் கிடைக்கும் சில சத்துகள் இன்றி அதனால் நலமாக வாழ இயலாது. நாயோ மனிதரோ தம் உடலுக்குள்ளேயே உருவாக்கிக் கொள்ளும் பல பொருட்களைப் பூனை உணவிலிருந்தே பெற வேண்டியுள்ளது. அவற்றுள் முதன்மையானவை:

- டாரின்: இதயம், விழித்திரை, பித்த உப்புகள் ஆகியவற்றுக்குத் தேவையான அமினோ அமிலம். பூனையின் உடல் இதனை மிகக் குறைவாகவே உருவாக்குகிறது.
- ஆர்ஜினின்: புரதம் சிதையும்போது உண்டாகும் அம்மோனியாவை யூரியாவாக மாற்ற உதவும் அமினோ அமிலம். ஆர்ஜினின் அறவே இல்லாத ஒரு வேளை உணவே சில மணி நேரத்தில் பூனையின் இரத்தத்தில் அம்மோனியாவை ஆபத்தான அளவுக்கு உயர்த்தக்கூடும்.
- அராக்கிடோனிக் அமிலம்: விலங்குக் கொழுப்பில் உள்ள கொழுப்பு அமிலம்.
- வைட்டமின் ஏ: கேரட், கீரை முதலியவற்றில் உள்ள பீட்டா கரோட்டினைப் பூனையால் வைட்டமின் ஏ ஆக மாற்ற முடியாது. ஈரல் போன்ற பொருட்களிலிருந்து நேரடியாகக் கிடைக்க வேண்டும், அல்லது உணவில் தனியே சேர்க்கப்பட வேண்டும்.
- நியாசினும் வைட்டமின் டி-யும்: இவற்றையும் பூனையின் உடல் போதிய அளவில் உருவாக்கிக் கொள்வதில்லை.

பூனை புரதத்தை உடல் வளர்ச்சிக்கு மட்டுமன்றி ஆற்றலுக்கும் தொடர்ந்து பயன்படுத்துகிறது. வெளியில் வேட்டையாடி வாழும் பூனைகளின் உணவைப் பற்றிய ஆய்வொன்று 2011-இல் வெளிவந்தது. அவை பெறும் ஆற்றலில் ஏறத்தாழ 52 விழுக்காடு புரதத்திலிருந்தும், 46 விழுக்காடு கொழுப்பிலிருந்தும், 2 விழுக்காடு மட்டுமே மாவுச்சத்திலிருந்தும் வருவதாக அது கணக்கிட்டது. எந்த உலர் உணவும் இந்த விகிதத்தை அப்படியே பின்பற்றுவதில்லை. பின்பற்றியே தீர வேண்டும் என்பதும் இல்லை. ஆனால் பூனையின் உடல் எத்தகைய உணவுக்குப் பழகி அமைந்தது என்பதை இது காட்டுகிறது.

டாரின் கற்பித்த பாடம்

விழுக்காடுகள் சரியாக இருந்தும் உணவு குறையுடையதாக இருக்கக்கூடும் என்பதற்கு டாரினின் வரலாறு சிறந்த சான்று. டாரின் இல்லாத உணவு பூனையின் விழித்திரையைச் சிதைத்துப் பார்வையைப் பறிக்கும் என்பது 1975-இல் நிறுவப்பட்டது. அதன் பின்னரும், இதயத்தசை தளர்ந்து இதய அறைகள் விரிவடையும் நோயால் பல பூனைகள் இறந்து வந்தன. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தைச் சேர்ந்த பால் பயன் என்னும் கால்நடை மருத்துவரும் அவருடன் பணியாற்றியோரும், இந்நோய்க்கு ஆளான பூனைகளின் இரத்தத்தில் டாரின் குறைவாக இருப்பதைக் கண்டறிந்தனர். டாரினைக் கூடுதலாகக் கொடுத்தபோது இதயம் தேறியது. இம்முடிவு 1987-இல் வெளியானது.

அப்பூனைகள் உண்டவை கடைகளில் விற்ற ஆயத்த உணவுகளே. அன்றைய அளவுகோலின்படி அவற்றில் டாரின் போதுமானதாகவே கருதப்பட்டது. அளவுகோலே போதாமல் இருந்தது. அதன் பிறகு உற்பத்தியாளர்கள் டாரினின் அளவை உயர்த்தினர், இந்நோய் அரிதாகிவிட்டது. இன்று அமெரிக்க அளவுகோல் உலர் உணவுக்கு 0.10 விழுக்காடும், டப்பாவில் அடைக்கப்படும் ஈர உணவுக்கு 0.20 விழுக்காடும் டாரின் வேண்டும் என்கிறது. டப்பா உணவைச் சூடாக்கும் முறை, பூனையின் குடலில் உள்ள நுண்ணுயிரிகள் டாரினைக் கூடுதலாகச் சிதைக்க வழி செய்கிறது. அதனால்தான் இந்த இரு மடங்கு வேறுபாடு. ஒரு சத்து உணவில் இருப்பது வேறு, அது உடலுக்குக் கிடைப்பது வேறு என்பதை இவ்வேறுபாடு தெளிவாக்குகிறது.

உலர் உணவு தயாராகும் முறை

பெரும்பாலான உலர் உணவுகள் ‘எக்ஸ்ட்ரூஷன்’ எனப்படும் பிதுக்கு முறையில் தயாராகின்றன. அரைத்த மூலப்பொருட்கள் நீராவியுடன் பிசையப்பட்டு, உயர் வெப்பத்திலும் அழுத்தத்திலும் ஒரு துளை வழியே பிதுக்கப்படுகின்றன. முறுக்கு அச்சிலிருந்து மாவு வெளிவருவது போல வெளிவரும் கலவை, அழுத்தம் நீங்கியதும் பொரிபோல உப்புகிறது. பின்னர் அது துண்டுகளாக வெட்டப்பட்டு, உலர்த்தப்பட்டு, மேலே கொழுப்பும் சுவையூட்டியும் பூசப்படுகிறது.

இம்முறையால் மூன்று விளைவுகள் உண்டு. முதலாவதாக, கலவை உப்பி வடிவம் பெற மாவுச்சத்து வேண்டும். எனவே இம்முறையில் தயாராகும் உலர் உணவில் ஓரளவு மாவுச்சத்து இருந்தே தீரும். நன்கு வெந்த மாவுச்சத்தைப் பூனையால் செரிக்க முடியும். இரண்டாவதாக, தயமின் போன்ற சில வைட்டமின்கள் வெப்பத்தால் அழிகின்றன. அந்த இழப்பைக் கணக்கிட்டு உற்பத்தியாளர் முன்கூட்டியே சேர்க்க வேண்டும். மூலப்பொருட் பட்டியலின் இறுதியில் காணப்படும் நீண்ட வேதிப் பெயர்களில் பல இவ்வாறு சேர்க்கப்படும் வைட்டமின்களும் தாது உப்புகளுமே; அவை கலப்படம் அல்ல. மூன்றாவதாக, மேலே பூசப்படும் சுவையூட்டியே பூனையை ஈர்க்கிறது. பூனை ஓர் உணவை விரும்பி உண்பது அதன் சுவைக்குச் சான்றாகுமே தவிர, சத்துக்குச் சான்றாகாது.

லேபிளில் முதலில் காண வேண்டியது

அமெரிக்காவில் 1909-இல் தொடங்கப்பட்ட தீவனக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் சங்கம் (சுருக்கமாக ஆஃப்கோ) பூனை உணவில் இருக்க வேண்டிய சத்துகளின் அளவுகளை வெளியிடுகிறது. ஐரோப்பாவில் ஃபெடியாஃப் என்னும் கூட்டமைப்பு இத்தகைய அளவுகளை வெளியிடுகிறது. பிற நாடுகளில் விற்கப்படும் பல உணவுகளும் இவ்விரண்டில் ஒன்றையே மேற்கோளாகக் காட்டுகின்றன. ஆஃப்கோ எந்த உணவையும் சோதிப்பதோ ஒப்புதல் அளிப்பதோ இல்லை. அளவுகோலை மட்டுமே தருகிறது. ‘ஆஃப்கோ அங்கீகாரம் பெற்றது’ என்று எங்கேனும் எழுதப்பட்டிருந்தால் அது தவறான கூற்றாகும்.

லேபிளில் முதலில் தேட வேண்டியது, அவ்வுணவு ‘கம்ப்ளீட் அண்டு பேலன்ஸ்டு’, அதாவது முழுமையான, சமச்சீரான உணவு என்னும் வாசகத்தை. இது இருந்தால் அந்த உணவை மட்டுமே தந்து பூனையை வளர்க்கலாம் என்று உற்பத்தியாளர் பொறுப்பேற்கிறார் என்று பொருள். ‘காம்ப்ளிமென்ட்டரி’ அல்லது ‘ட்ரீட்’ என்று இருந்தால் அது துணைத் தீனி மட்டுமே.

அடுத்துக் காண வேண்டியது, எந்தப் பருவத்துப் பூனைக்கான உணவு என்பது. வளரும் குட்டிகளுக்கும், கருவுற்ற, பாலூட்டும் பூனைகளுக்கும் தேவை கூடுதல். ஆஃப்கோ அளவுகளின்படி உலர் எடையில் புரதம் வளர்ந்த பூனைக்குக் குறைந்தது 26 விழுக்காடும், குட்டிக்குக் குறைந்தது 30 விழுக்காடும் வேண்டும். கொழுப்பு இரு சாராருக்கும் 9 விழுக்காடு. கால்சியம் வளர்ந்த பூனைக்கு 0.6 விழுக்காடு, குட்டிக்கு 1.0 விழுக்காடு. வளர்ந்த பூனைக்கு மட்டும் உரிய உணவைக் குட்டிக்குக் கொடுப்பது அதன் எலும்பு வளர்ச்சியைப் பாதிக்கக்கூடும். ‘ஆல் லைஃப் ஸ்டேஜஸ்’ என்று குறிக்கப்பட்ட உணவு குட்டிக்குரிய அளவையும் நிறைவு செய்ய வேண்டும்.

இந்த வாசகத்துக்கு ஆதாரம் எது என்பதும் கவனிக்கத்தக்கது. சத்துகளின் அளவுகளை அட்டவணையோடு ஒப்பிட்டுப் பொருத்துவது ஒரு வழி. உணவைப் பூனைகளுக்குக் கொடுத்துச் சோதிப்பது மற்றொரு வழி. வளர்ந்த பூனைகளுக்கான ஆஃப்கோ சோதனையில் குறைந்தது 8 பூனைகள் 26 வாரம் அந்த உணவை மட்டுமே உண்ண வேண்டும். எடையும், டாரின் உட்பட சில இரத்த அளவுகளும் பார்க்கப்படும். முதல் வழி எண்களை உறுதிசெய்கிறது, ஆனால் செரிமானத்தைக் காட்டுவதில்லை. இரண்டாவது வழி உடலில் சேர்வதை ஓரளவு காட்டுகிறது, ஆனால் ஆண்டுக்கணக்கில் வெளிப்படும் குறைகளை ஆறு மாதத்தில் காட்டிவிட முடியாது. இரண்டும் அமைந்திருப்பதே நல்லது.

உலர் எடையில் கணக்கிடுதல்

லேபிளில் கச்சாப் புரதம், கச்சாக் கொழுப்பு ஆகியவற்றின் குறைந்தபட்ச அளவும், கச்சா நார், ஈரப்பதம் ஆகியவற்றின் அதிகபட்ச அளவும் தரப்படும். ‘கச்சா’ என்பது இங்கே தாழ்ந்தது என்னும் பொருளில் வரவில்லை; தோராயமான வேதிச் சோதனையால் அளக்கப்பட்டது என்பதே பொருள்.

ஈரப்பதம் வேறுபடும் உணவுகளை நேரடியாக ஒப்பிடக்கூடாது. நீரை நீக்கிய எடையில் கணக்கிட்ட பின்னரே ஒப்பிட வேண்டும். இதற்கான வாய்பாடு எளியது:

உலர் எடையில் விழுக்காடு = லேபிளில் உள்ள விழுக்காடு ÷ (100 − ஈரப்பதம்) × 100

எடுத்துக்காட்டாக, ஓர் உலர் உணவில் புரதம் 32 விழுக்காடு, ஈரப்பதம் 10 விழுக்காடு எனில், 32 ÷ 90 × 100 = 35.6 விழுக்காடு. ஓர் ஈர உணவில் புரதம் 9 விழுக்காடு, ஈரப்பதம் 80 விழுக்காடு எனில், 9 ÷ 20 × 100 = 45 விழுக்காடு. மேலோட்டமாகப் பார்த்தால் 32-ஐ விட 9 மிகக் குறைவு. நீரை நீக்கிப் பார்த்தால் ஈர உணவிலேயே புரத விகிதம் அதிகம்.

மாவுச்சத்தின் அளவு பெரும்பாலும் லேபிளில் இருக்காது. பிற அனைத்தையும் 100-இலிருந்து கழித்து அதனை அறியலாம். மேற்கண்ட உலர் உணவில் கொழுப்பு 12, நார் 4, சாம்பல் 7 விழுக்காடு என்று கொண்டால், 100 − (32 + 12 + 4 + 10 + 7) = 35 விழுக்காடு மாவுச்சத்து. சாம்பல் என்பது உணவை எரித்த பின் எஞ்சும் தாதுக்களின் அளவு. வெளியிலிருந்து சேர்க்கப்படும் சாம்பல் அன்று. சாம்பலின் அளவு தரப்படாவிடில் உலர் உணவுக்கு 7 விழுக்காடு எனத் தோராயமாகக் கொள்ளலாம். ஐரோப்பிய லேபிள்களில் சாம்பல் தரப்படும். ஆனால் ஈரப்பதம் 14 விழுக்காட்டுக்கு உட்பட்டிருந்தால் அதைக் குறிப்பிட வேண்டியதில்லை.

புரத விழுக்காடு மறைப்பது

லேபிளில் காணும் புரத அளவு புரதத்தை நேரடியாக அளந்து பெறப்படுவதன்று. டென்மார்க் வேதியியலர் யொகான் கெல்டால் 1883-இல் வெளியிட்ட முறையின்படி உணவில் உள்ள நைட்ரஜன் அளக்கப்படுகிறது. புரதங்களில் சராசரியாக 16 விழுக்காடு நைட்ரஜன் உண்டு என்பதால், கிடைத்த நைட்ரஜன் அளவை 6.25-ஆல் பெருக்கிப் புரதம் என்று எழுதுகின்றனர். நைட்ரஜன் எப்பொருளிலிருந்து வந்தது என்பதை இக்கணக்கு கேட்பதில்லை.

இதன் விளைவு 2007-இல் வெளிப்பட்டது. அவ்வாண்டு மார்ச் மாதத்தில் வட அமெரிக்காவில் பூனைகளும் நாய்களும் சிறுநீரகம் செயலிழந்து இறப்பதாகச் செய்திகள் வந்தன. மெனு ஃபூட்ஸ் என்னும் கனடா நிறுவனம் பல்வேறு பெயர்களில் விற்கப்பட்ட தன் உணவுகளைக் கோடிக்கணக்கான டப்பாக்களிலும் உறைகளிலும் திரும்பப் பெற்றது. பிற நிறுவனங்களும் தொடர்ந்தன. திரும்பப் பெறப்பட்டவற்றுள் பெரும்பாலானவை ஈர உணவுகள்; உலர் உணவுகளும் சில இருந்தன. சீனாவிலிருந்து கோதுமைக் குளூட்டன் என்றும் அரிசிப் புரதம் என்றும் இறக்குமதியான மாவில் மெலமைன் கலந்திருந்தது கண்டறியப்பட்டது. மெலமைன் என்பது பிளாஸ்டிக் தட்டுகள் முதலியவை செய்யப் பயன்படும் வேதிப்பொருள். அதன் எடையில் மூன்றில் இரு பங்கு நைட்ரஜன். கெல்டால் கணக்கின்படி 100 கிராம் மெலமைன் 400 கிராமுக்கும் மேற்பட்ட ‘புரதம்’ எனத் தோன்றும். உண்மையில் அதில் புரதம் அறவே இல்லை. மெலமைனும் அதனுடன் இருந்த சயனூரிக் அமிலமும் சேர்ந்து சிறுநீரகத்தில் படிகங்களாகப் படிந்தன.

கலப்படம் இல்லாத நிலையிலும் இக்கணக்கின் குறை மறைவதில்லை. கோழி இறகு, கொம்பு ஆகியவற்றிலும் நைட்ரஜன் மிகுதி. ஆனால் அவற்றைப் பதப்படுத்தாமல் கொடுத்தால் பூனையால் செரிக்க முடியாது. எனவே 40 விழுக்காடு புரதம் உள்ள உணவு 34 விழுக்காடு உள்ள உணவைவிடக் கட்டாயம் சிறந்தது என்று கொள்ளலாகாது. செரிமான விழுக்காட்டை லேபிள் தருவதில்லை. உற்பத்தியாளரிடம் கேட்டே அறிய வேண்டும்.

மூலப்பொருட் பட்டியல்

மூலப்பொருட்கள் எடையின் இறங்கு வரிசையில் எழுதப்படுகின்றன. அந்த எடை சமைப்பதற்கு முந்தையது. இதனால் சில மயக்கங்கள் நேர்கின்றன.

புதிய கோழி இறைச்சியில் ஏறத்தாழ 70 விழுக்காடு நீர். பட்டியலில் ‘கோழி’ முதலிடத்தில் இருந்தாலும், நீர் வற்றிய பின் அதன் பங்கு பின்தங்கக்கூடும். ‘சிக்கன் மீல்’ எனப்படும் கோழித்தூள் முன்னரே நீரும் கொழுப்பும் நீக்கப்பட்டது. அதே எடைக்கு அது பல மடங்கு புரதம் தரும். எனவே இரண்டாம் இடத்திலுள்ள கோழித்தூள், முதலிடத்திலுள்ள கோழியைவிடக் கூடுதல் புரதம் தருவதாக இருக்கலாம்.

ஒரே பொருளைப் பல பெயர்களாகப் பிரித்து எழுதுவதும் உண்டு. மக்காச்சோளம், மக்காச்சோள மாவு, மக்காச்சோளக் குளூட்டன் என்று தனித்தனியே எழுதினால் ஒவ்வொன்றும் பட்டியலில் கீழிறங்கும். கூட்டினால் அதுவே முதலிடம் பெறக்கூடும். முதல் ஐந்தாறு பொருட்களைச் சேர்த்தே படிக்க வேண்டும். அவற்றுள் இரண்டேனும் பெயர் தெளிவாகக் குறிக்கப்பட்ட விலங்குப் புரதமாக இருப்பது நல்ல அடையாளம். ‘இறைச்சி’ என்று பொதுவாக எழுதுவதைவிடக் ‘கோழி’, ‘சூரை மீன்’ என்று விலங்கின் பெயரைச் சொல்வது தெளிவானது.

‘பை-ப்ராடக்ட்’ என்னும் துணைப்பொருட்களைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. ஈரல், இதயம், மண்ணீரல், சிறுநீரகம் முதலிய உள்ளுறுப்புகளே அவற்றில் பெரும்பகுதி. எலியைப் பிடிக்கும் பூனை இவற்றையும் சேர்த்தே உண்கிறது. எனினும் தொகுதிக்குத் தொகுதி இவற்றின் தரம் மாறக்கூடும் என்பதால் உற்பத்தியாளரின் கட்டுப்பாடு இங்கே முக்கியமாகிறது.

பெயரும் விளம்பரச் சொற்களும்

ஆஃப்கோ விதிகளில் உணவின் பெயருக்கும் அளவு உண்டு. ஒரு பொருளின் பெயரைக் கொண்டே உணவை அழைக்க வேண்டுமானால் அப்பொருள் நீர் நீங்கலாக 95 விழுக்காடு இருக்க வேண்டும். உலர் உணவில் இது அரிது. ‘டின்னர்’, ‘ஃபார்முலா’ போன்ற சொல் சேர்ந்தால் 25 விழுக்காடு போதும். ‘வித் டூனா’, அதாவது சூரை மீன் சேர்ந்தது என்றால் 3 விழுக்காடே போதும். ‘டூனா ஃபிளேவர்’ என்றால் சுவை உணரத்தக்க அளவு இருந்தாலே போதுமானது. பையின் முன்பக்கத்தில் உள்ள பெரிய மீன் படம் எந்த அளவையும் குறிப்பதில்லை.

‘கிரெய்ன் ஃப்ரீ’ எனப்படும் தானியமற்ற உணவு மாவுச்சத்து இல்லாத உணவு அன்று. அரிசிக்கும் மக்காச்சோளத்துக்கும் பதிலாகப் பட்டாணி, உருளைக்கிழங்கு, மரவள்ளி ஆகியவை அதில் சேர்க்கப்படுகின்றன. மேற்சொன்னபடி கழித்துப் பார்த்தால்தான் அதன் மாவுச்சத்து அளவு தெரியும். ‘பிரீமியம்’, ‘ஹோலிஸ்டிக்’ போன்ற சொற்களுக்கு வரையறுத்த ஊட்டப் பொருள் எதுவும் இல்லை. உருண்டைகளின் பல வண்ணம் வாங்குவோரின் கண்ணுக்காகவே. இனிப்பும் பூனைக்குப் பயனற்றது. பூனையின் இனிப்புச் சுவை உணர்வுக்கான மரபணு செயலிழந்தது என்பது 2005-இல் கண்டறியப்பட்டது.

தாதுக்களும் சிறுநீர்ப் பாதையும்

உலர் உணவு உண்ணும் பூனை கூடுதலாக நீர் குடித்தாலும், மொத்தத்தில் ஈர உணவு உண்ணும் பூனையைவிடக் குறைவான நீரையே பெறுகிறது. இதனால் சிறுநீர் செறிவடைகிறது. மக்னீசியமும் பாஸ்பரசும் மிகுந்து, சிறுநீர் காரத்தன்மை அடைந்தால் ஸ்டுருவைட் எனப்படும் கற்கள் உருவாகலாம். 1980-களில் உற்பத்தியாளர்கள் மக்னீசியத்தைக் குறைத்துச் சிறுநீரை அமிலத்தன்மை உடையதாக்கும் உணவுகளைக் கொண்டு வந்தனர். ஸ்டுருவைட் கற்கள் குறைந்தன. ஆனால் கால்சியம் ஆக்சலேட் கற்கள் பெருகின. ஒரு தாதுவைக் குறைத்தால் போதும் என்பதன்று, தாதுக்களின் சமநிலையே வேண்டும் என்பதை இது உணர்த்தியது. உலர் உணவு தரும் வீடுகளில் சுத்தமான நீரைப் பல இடங்களில் வைப்பதும், சிறிது ஈர உணவைச் சேர்ப்பதும் உதவும்.

ஆற்றல், அளவு, விலை

ஒரு கிராம் புரதத்துக்கு 3.5, கொழுப்புக்கு 8.5, மாவுச்சத்துக்கு 3.5 கிலோ கலோரி என்று கணக்கிடுவது வழக்கம். மேற்கண்ட எடுத்துக்காட்டு உணவில் 100 கிராமுக்கு 112 + 102 + 122.5 = 336.5 கிலோ கலோரி கிடைக்கும். இதில் மூன்றில் ஒரு பங்கு புரதத்திலிருந்து வருகிறது.

4 கிலோ எடையுள்ள வளர்ந்த பூனைக்கு நாளொன்றுக்குச் சுமார் 200 முதல் 250 கிலோ கலோரி போதும். மேற்கண்ட உணவில் இது 60 முதல் 75 கிராம் மட்டுமே. கிண்ணம் நிறைய வைத்துவிட்டுச் செல்வது உடற்பருமனுக்கு வழி செய்யும். கருத்தடை செய்யப்பட்டு வீட்டுக்குள்ளேயே வாழும் பூனை குறைவாக உண்ண வேண்டியிருப்பதால், அது உண்ணும் சிறிதளவில் சத்துகள் செறிந்திருக்க வேண்டும். இதனால் ஃபெடியாஃப், சுறுசுறுப்பான பூனைக்கு 100 கிராம் உலர் எடையில் 25 கிராம் புரதம் என்றும், குறைவாக உண்ணும் பூனைக்கு 33.3 கிராம் என்றும் பரிந்துரைக்கிறது.

விலையையும் கிலோ கணக்கில் ஒப்பிடுவதைவிட நாள் கணக்கில் ஒப்பிடுவதே சரி. 100 கிராமில் 340 கிலோ கலோரி உள்ள உணவு கிலோ 400 ரூபாய் என்றும், 400 கிலோ கலோரி உள்ள உணவு கிலோ 460 ரூபாய் என்றும் கொள்வோம். 200 கிலோ கலோரிக்கு முதல் உணவு 59 கிராம் தேவை, செலவு 23 ரூபாய் 50 காசு. இரண்டாவது 50 கிராம், செலவு 23 ரூபாய். விலை கூடியதாகத் தோன்றிய உணவே இங்கு சற்று மலிவாகிறது.

உற்பத்தியாளரிடம் கேட்க வேண்டியவை

உலகச் சிறு விலங்கு கால்நடை மருத்துவச் சங்கம் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் உணவைவிட அதனைச் செய்வோரைப் பற்றிய வினாக்களுக்கு முதன்மை தருகின்றன. உணவைத் திட்டமிட்டவர் யார், அவருடைய தகுதி என்ன, உணவு எங்கே தயாராகிறது, ஒவ்வொரு தொகுதியும் சோதிக்கப்படுகிறதா, டாரின் போன்ற சத்துகளின் உண்மையான அளவு எவ்வளவு, கலோரி எவ்வளவு என்பவை அவ்வினாக்கள். குறைந்தபட்ச அளவை மட்டும் சொல்லாமல் உண்மை அளவைச் சொல்லும் நிறுவனம் நம்பத்தக்கது. மறுமொழி தராத நிறுவனத்தின் உணவை எந்த லேபிளாலும் முழுமையாக மதிப்பிட முடியாது.

வாங்குவதும் சேமிப்பதும்

கடைகளில் பெரிய மூட்டையைப் பிரித்து, பாலிதீன் பைகளில் சில்லறையாகக் கட்டி விற்கப்படும் உணவில் சத்து விவரமும் காலாவதி நாளும் இருப்பதில்லை. இக்கட்டுரையில் கூறப்பட்ட எந்தச் சோதனையையும் அதன்மீது செய்ய இயலாது. மேலும், மேலே பூசப்பட்ட கொழுப்பு காற்றுப் பட்டால் சிக்கு வாடை அடிக்கும், வெப்பமும் ஈரக்காற்றும் உள்ள ஊர்களில் இது விரைவாக நிகழும், பூசணமும் பிடிக்கும். ஒன்றரை மாதத்துக்குள் தீரக்கூடிய அளவு பையை வாங்கி, அதே பையிலேயே வாயை இறுக மூடி, காற்றுப் புகாத டப்பாவுக்குள் வைப்பது நல்லது. பையை வைத்திருந்தால் தொகுதி எண்ணும் கையில் இருக்கும்.

நாய் உணவைப் பூனைக்குத் தொடர்ந்து கொடுக்கக் கூடாது. நாய்க்குப் புரதத் தேவை குறைவு. நாய் உணவில் டாரின் சேர்க்கப்பட வேண்டிய கட்டாயமும் இல்லை. உலர் உணவுடன் சோற்றைக் கலந்து பெருக்கிக் கொடுப்பதும் கணக்கிட்டு அமைத்த சமநிலையைக் குலைக்கும். வெறும் இறைச்சி மட்டும் கொடுத்தாலும் கால்சியம் குறையும்.

பூனையைக் கவனித்தல்

லேபிள் சொல்லாததைப் பூனையின் உடல் சொல்லும். விலா எலும்புகள் கைக்குத் தட்டுப்பட வேண்டும், ஆனால் கண்ணுக்குத் துருத்தித் தெரியக் கூடாது. மயிர் பளபளப்பாக இருக்க வேண்டும். மலம் உருவத்துடன், அளவில் சிறிதாக இருப்பது செரிமானத்தின் அடையாளம். நாறும் பெரும் மலம் செரியாத உணவைக் காட்டும். மாதம் ஒருமுறை எடை பார்ப்பது நன்று.

உணவை மாற்றும்போது 7 முதல் 10 நாள் வரை பழையதையும் புதியதையும் கலந்து படிப்படியாக மாற்ற வேண்டும். பூனை, அதிலும் பருத்த பூனை, இரண்டு மூன்று நாள் உண்ணாதிருந்தால் ஈரலில் கொழுப்பு படிந்து உயிருக்கே ஆபத்து நேரலாம். பசித்தால் தானே உண்ணும் என்று விட்டுவிடக் கூடாது. ஆண் பூனை மண்தட்டில் அமர்ந்து முக்கியும் சிறுநீர் வராவிட்டால் அது அவசர நிலை. அன்றே மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும். சிறுநீரக நோய், நீரிழிவு உள்ள பூனைகளுக்கு இங்கே கூறப்பட்ட பொது அளவுகள் பொருந்தா. அவற்றின் உணவைக் கால்நடை மருத்துவரே முடிவுசெய்ய வேண்டும்.

மதிப்பிடும் வரிசை

ஒரு புதிய பையைக் கையில் எடுத்தால் பின்வரும் வரிசையில் பார்க்கலாம்:

1. முழுமையான, சமச்சீரான உணவு என்னும் வாசகம் உள்ளதா?
2. தம் பூனையின் பருவத்துக்கு உரியதா?
3. அந்த வாசகத்துக்கு ஆதாரம் அட்டவணையா, உணவூட்டல் சோதனையா?
4. உலர் எடையில் புரதமும் கொழுப்பும் எவ்வளவு? கழித்துப் பார்த்தால் மாவுச்சத்து எவ்வளவு?
5. முதல் ஐந்தாறு மூலப்பொருட்களில் பெயர் குறித்த விலங்குப் புரதங்கள் எத்தனை?
6. 100 கிராமில் எத்தனை கலோரி? நாளொன்றுக்கு எத்தனை கிராம்?
7. உற்பத்தியாளரின் முகவரி, தொகுதி எண், காலாவதி நாள் உள்ளனவா? கேள்விக்கு மறுமொழி வருகிறதா?
8. இரண்டு மாதம் உண்ட பின் பூனையின் எடை, மயிர், மலம், சிறுநீர் எவ்வாறு உள்ளன?

முதல் இரு வினாக்களுக்கு ‘இல்லை’ என்னும் விடை வந்தால் மற்றவற்றைப் பார்க்க வேண்டியதில்லை. அந்த உணவு அப்பூனைக்கு முதன்மை உணவாகாது. மற்ற வினாக்களில் ஒன்றிரண்டு குறைந்தாலும் உணவு ஏற்கத்தக்கதாக இருக்கலாம். எட்டாவது வினாவின் விடை மற்ற ஏழின் விடைகளோடு முரண்பட்டால், லேபிளைவிடப் பூனையின் உடல்நிலைக்கே முதலிடம் தர வேண்டும்.